சக்தியின் இனிஷியல்

மனிஷாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வேலையைச் செய்தாலும் சுத்தமாகச் செய்வாள். செய்துவிட்டு, அது எவ்வளவு சுத்தம் என்று நாலு பேரிடம் காட்டாமல் விடமாட்டாள். "அம்மா, இந்த டம்ளரைப் பாரு, உன் மூஞ்சி தெரியுதா?" என்று, கழுவிய டம்ளரோடு வீட்டைச் சுற்றி வருகிற ரகம். அவளிடம் போய் ஸ்வாதி மிஸ், "ஒரு வேலை இருக்கு, செய்யறியா?" என்றார். கேட்கணுமா!

ஸ்வாதி மிஸ், மைசூரில் மனிஷா ஏழாம் வகுப்புப் படிக்கிற பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் டீச்சர். மிஸ் பேசுவதெல்லாம் கன்னடம்தான். மனிஷாவுக்குத் தமிழைவிட அதுதான் சரளம். உங்களுக்காக நான் தமிழில் சொல்கிறேன்.

"எல்லாருக்கும் புது ஐ.டி. கார்டு அடிக்கணும். ஒவ்வொரு கிளாஸ் டீச்சரும் பெயர்களை டைப் பண்ணி அனுப்பியிருக்காங்க. அந்தக் கோலத்தை நீயே பாரு" என்றார் மிஸ்.

மனிஷா பார்த்தாள். ஒரு டீச்சர் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் நட்சத்திரம் போட்டிருந்தார். இன்னொருவர் கை போன இடமெல்லாம் புள்ளி வைத்திருந்தார். ஐந்தாம் வகுப்புப் பெயர்களைப் பார்த்தால், டைப் அடித்தது டீச்சரா அல்லது கீபோர்டின் மேல் நடந்துபோன பூனையா என்று சந்தேகம் வந்தது.

"கார்டு அடிக்கிற கெம்பையன் கறாரா சொல்லிட்டார். நட்சத்திரம் கூடாது, புள்ளி கூடவே கூடாது. புள்ளி வந்தா, பெயர் அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சு அவர் மிஷின் நின்னுடுமாம். உனக்குத்தான் ரீப்ளேஸ் தெரியுமே?"

தெரியும். போன மாதம்தான் படித்திருந்தாள். 'இந்த எழுத்து எங்கே வந்தாலும் அதை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் இதைப் போடு' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கட்டளை அது. பதிலுக்கு ஒன்றும் வேண்டாம் என்றால், இரண்டு மேற்கோள் குறிகளைப் போட்டு, நடுவில் எதுவும் எழுதாமல் விட்டுவிட வேண்டும். ஒன்றுமில்லை என்பதைக் கம்ப்யூட்டருக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. லேப் ஜன்னலில் எப்போதும் தெரிகிற சாமுண்டி மலை அன்றைக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்கவே தெரியவில்லை. பள்ளிக்கூடத்துச் சுவரெல்லாம் ஈரம். யாருடைய சாக்ஸும் காயவில்லை. மனிஷாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை.

நட்சத்திரத்துக்குப் பதில் ஒன்றுமில்லை. போயிற்று! புள்ளிக்குப் பதில் ஒன்றுமில்லை. அதுவும் போயிற்று! ஆனால் திரையைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கவின்ராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

எஸ்.கவின்ராஜ் என்று இருந்தவன், புள்ளி போனதும் எஸ்கவின்ராஜ் ஆகிவிட்டான். எம்.மனிஷா, எம்மனிஷா. கே.ஸ்வேதா, கேஸ்வேதா!

"கேஸ்வேதாவா? சிலிண்டர் எப்ப வரும்னு கேளு!" என்றான் கவின்ராஜ்.

"சிரிக்காதடா. இரு, சரி பண்றேன்."

மனிஷா யோசித்தாள். இந்த இனிஷியல்தானே ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்குகிறது? புள்ளிக்குப் பக்கத்தில் தனியாக ஓர் எழுத்து நின்றால், புள்ளியோடு அந்த எழுத்தையும் தூக்கிவிட்டால் என்ன? ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதினாள். பட்டனைத் தட்டினாள்.

கவின்ராஜ். மனிஷா. ஸ்வேதா. எல்லாப் பெயரும் துடைத்து வைத்த மாதிரி வரிசையாக நின்றன.

"ஆயித்தா?" என்று எட்டிப் பார்த்தார் மிஸ். முடிந்ததா என்று கேட்கிறார். "அடடே, எவ்வளவு சுத்தமா இருக்கு!"

மனிஷாவுக்குத் தலைகால் புரியவில்லை.

புதன்கிழமை பெயர்களை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். தப்பு இருந்தால் சொல்லச் சொல்லி மேலே எழுதியிருந்தது. ஒரே தள்ளுமுள்ளு. மனிஷா பலகைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். யாராவது 'யார் செஞ்சது?' என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டாமா?

ஒருவரும் கேட்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு சக்தி வந்தாள்.

சக்தியும் மனிஷாவும் ஒரே பெஞ்ச். ஐந்தாம் வகுப்பில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே இனிஷியலால்தான். இவள் எம்.மனிஷா, அவள் எம்.சக்தி. 'நாம ரெண்டு பேரும் எம் கோஷ்டி' என்று பெயர் வைத்தவள் மனிஷாதான். மனிஷாவின் அப்பா மனோஜ்குமார், மேட்டகள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். சக்தியின் அப்பா மல்லப்பன், புது வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி.

மேஸ்திரியாக இருந்தார். ஆடி மாதம் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு சக்தி அதிகம் பேசுவதில்லை. கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். ஆனால் அவளுடைய பொருள்களில் எல்லாம் ஒரு எழுத்து முளைத்தது. தண்ணீர் பாட்டிலில் எம். பென்சில் டப்பாவில் எம். குடைக் கம்பில், பையின் வாரில், அழிரப்பரில்கூட, எம் என்று எழுதிப் பக்கத்தில் அழுத்தமாக ஒரு புள்ளி. மனிஷா அதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சக்தி அந்தத் தாளில் தன் பெயரைத் தேடினாள். கண்டுபிடித்தாள். பெயருக்கு முன்னால், ஒன்றும் இல்லாத வெள்ளை இடத்தில், விரலை வைத்தாள்.

"நல்லா இருக்குல்ல?" என்றாள் மனிஷா.

சக்தி அவளைப் பார்த்தாள். மழையில் இறங்கி நடந்தாள். கையில் குடை இருந்தது. விரிக்கவில்லை.

மறுநாள் சக்தி வரவில்லை. பக்கத்து இடம் காலியாக இருந்தது. நனைந்ததில் சளி பிடித்திருக்கும் என்று மனிஷா நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் வீட்டுப்பாடத்தைச் சொல்லிவிட்டு வரலாம் என்று போனாள்.

சக்தியின் வீடு ஒரு லைன் வீடு. ஒரே ஓட்டுக்குக் கீழே வரிசையாக ஆறேழு குடும்பங்கள். வாசலில் சக்தியின் அம்மா சொர்ணலதா, காயாத துணிகளைக் கொடியில் இருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு" என்றார். பிறந்த ஊரான கோபிநத்தத்தின் பேச்சு அவருக்கு மாறவே இல்லை. "நீயாச்சும் கேளு. நேத்திருந்து சோறும் திங்க மாட்டேங்கறா, ஏன்னும் சொல்ல மாட்டேங்கறா. இனிமே பள்ளிக்கூடமே வேண்டாம்ங்கறா."

"ஏன் அத்தை, காய்ச்சலா?"

"காய்ச்சல் எல்லாம் இல்ல கண்ணு. எங்கண்ணன் ஊருக்கே வந்துருங்கறாரு. இவ படிப்புக்காகத்தான் நான் இங்க கிடக்கறேன். இவளே போவலைன்னா அப்புறம் எதுக்கு இந்த ஊரு?"

கோபிநத்தம் எங்கோ காட்டோரம் இருக்கிற ஊர். போய்விட்டால் சக்தி அப்புறம் எப்போது வருவாள்?

உள்ளே, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள் சக்தி. மனிஷா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏய், என்னாச்சு? ஏன் வரல?"

சக்தி இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"கணக்கு மிஸ் டெஸ்ட் வைக்கப் போறாங்களாம். கவின்ராஜ் இப்பவே வயித்துவலிக்குப் பழகிட்டிருக்கான்."

மற்ற நாளாக இருந்தால் சக்தி கொஞ்சமாவது சிரித்திருப்பாள். இன்று சிரிக்கவில்லை. சுவரிடம் பேசுவது போல, "ரேஷன் கார்டுல எடுத்துட்டாங்க" என்றாள்.

"எதை?"

"அப்பா பெயரை. செத்துட்டா எடுத்துடணுமாம். அம்மாதான் ஆபீஸுக்குப் போய் எடுத்துட்டு வந்தாங்க. அப்புறம் மாமா போன்ல இருந்து அப்பா நம்பரை எடுத்துட்டார். வாசல்ல கிடந்த செருப்பை யாரோ எடுத்துட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல." சக்தி நகத்தால் சுவரைச் சுரண்டினாள். "ஸ்கூல்ல எடுக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். பெயரோட ஒட்டினதுதானே? இப்ப அங்கயும் எடுத்துட்டாங்க. செத்துட்டா இனிஷியலையும் எடுத்துடுவாங்களா, மனிஷா?"

மனிஷா இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்தாள்.

"உனக்கு மட்டும் இல்ல சக்தி. எல்லாருக்கும்தான் போச்சு. எனக்கும்தான்" என்று மனிஷா ஒருவழியாகச் சொன்னாள்.

சக்தி திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"நீ வீட்டுக்குப் போனா உங்க அப்பா இருப்பாரு. எழுத்து போனா உனக்கென்ன?"

'நான்தான் எடுத்தேன்' என்று சொல்ல மனிஷாவுக்குத் தைரியம் இல்லை. வீட்டுப்பாடத்தைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டாள்.

அவள் வீட்டுக்குள் நுழையும்போது அப்பா வேலையிலிருந்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, மூஞ்சி மழையில ஊறின பன்னு மாதிரி இருக்கு?"

"அப்பா, ஐ.டி. கார்டுல என் இனிஷியல் இல்ல."

"அடப்பாவமே! மனோஜ்குமாரை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்று அப்பா சிரித்தார். "போகட்டும் விடு. நான்தான் முழுசா இங்க நிக்கறேனே!"

மனிஷா சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்தாள். அப்பாவின் செருப்பு, அடியில் சேறோடு, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தது. தினமும் அம்மா திட்டுவார், நேராக விடக் கூடாதா என்று. மனிஷா போய் அந்தச் செருப்பைக் கழுவி, சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள். யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெல் அடிப்பதற்கு முன்னாலேயே லேப் வாசலில் நின்றாள்.

"மிஸ், நான் தப்பு பண்ணிட்டேன். இனிஷியலை எல்லாம் எடுத்திருக்கக் கூடாது. நீங்க புள்ளியைத்தான் எடுக்கச் சொன்னீங்க."

ஸ்வாதி மிஸ் கையில் இருந்த காபியை மேசையில் வைத்தார். "ஹௌதா, அப்படியா? இப்ப சொல்றியே! ஃபைல் கடைக்குப் போயாச்சு. பெயர் நல்லாத்தானே இருக்கு?"

"இல்ல மிஸ்." சக்தி சொன்னதை மனிஷா சொன்னாள். பாதி சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கன்னடமும் தமிழும் கலந்து எப்படியோ சொல்லி முடித்தாள்.

மிஸ் தன் கம்ப்யூட்டரில் அந்தப் பெயர்களைத் திறந்து பார்த்தார். "நானும்தானே பார்த்தேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, போனை எடுத்தார்.

கெம்பையன் கத்தியது மனிஷாவுக்கே கேட்டது. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு மிஷினை ஓட்டிவிடுவாராம். அதற்குள் வேறு ஃபைல் வந்தால் சரி, வராவிட்டால் இருப்பதைத்தான் அடிப்பாராம். புள்ளி மட்டும் வரவே கூடாதாம்.

"டீச்சர்கள் அனுப்பின பழைய பெயர் எல்லாம் என் மெயில்ல அப்படியே இருக்கு. உட்கார்ந்து சரி பண்றியா?" என்றார் மிஸ்.

மனிஷா கண்ணைத் துடைத்தாள். "பண்றேன் மிஸ். ஆனா நாளைக்குக் காலையில பண்றேன். எனக்கு ஒரு ஆள் வேணும்."

அன்று சாயங்காலம் மறுபடியும் அந்த லைன் வீட்டுக்குப் போனாள். இந்த முறை உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள், உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று பயம்.

"சக்தி, ஸ்கூல்ல யாரும் எடுக்கல. நான்தான் எடுத்தேன். புள்ளியை எடுத்ததும் எழுத்து எல்லாம் ஒட்டிக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு. அதனால இனிஷியலைத் தூக்கிட்டேன். உங்க அப்பாவை நான் நெனச்சே பார்க்கல."

சக்தி எழுந்து உட்கார்ந்தாள். "நீயா?"

"ம்."

"எம் கோஷ்டின்னு பெயர் வச்சதே நீதானே?"

மனிஷா தலையைக் குனிந்துகொண்டாள். "வேணும்னா என்னோட எம்மை நீயே வச்சுக்கோ" என்று என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் உளறினாள்.

"உன்னோடது மனோஜ்குமார். எனக்கு எதுக்கு அது?" சக்திக்குக் கோபம் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த கோபம். "எங்க அப்பா மல்லப்பன்!"

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்லி நாளாகியிருந்தது.

"நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கார்டு அடிச்சிடுவாங்க. அதுக்குள்ள சரி பண்ணணும். உன் பெயரை நான் இனிமே தொட மாட்டேன். நீ வந்து போடு" என்றாள் மனிஷா. சொல்லிவிட்டு நிற்காமல் ஓடிவந்துவிட்டாள்.

சனிக்கிழமை அரை நாள்தான் பள்ளிக்கூடம். பதினோரு மணிக்குக் கடைசி வகுப்பு முடிந்து எல்லாரும் மழைக்குள் ஓடினார்கள். சக்தி அன்றும் வகுப்புக்கு வரவில்லை. மனிஷா லேப்பில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஸ்வாதி மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மனிஷா, பேக மாடு. சீக்கிரம் ஆரம்பி. இன்னும் எவ்வளவு நேரம் பார்க்கிறது?"

"இன்னும் கொஞ்சம் மிஸ்."

வராந்தாவில் குடை மடக்குகிற சத்தம் கேட்டது. வாசலில் சொர்ணலதா அத்தை நின்றார். அவர் பின்னால், சீருடை போடாமல், வீட்டு உடையில் சக்தி.

"வேலை இருக்குதுன்னு இவளே கிளம்பினா. அதான் கூட்டிட்டு வந்தேன்" என்றார் அத்தை மிஸ்ஸிடம். மிஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சக்தி மனிஷாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"எப்படி எடுத்த? எனக்குக் காட்டு."

காட்டத்தான் வேண்டுமா என்று மனிஷாவுக்கு இருந்தது. ஆனால் கேட்டது சக்தி.

"முதல்ல உன் முழுப் பெயரை அடி" என்றாள். சக்தி அடித்தாள். எம்.சக்தி. புள்ளியை மட்டும் ஓங்கி அடித்தாள்.

"இப்ப இந்த வரி. எம்மும் புள்ளியும் எங்க இருந்தாலும் எடுத்துடு, அதுக்குப் பதிலா..." மனிஷா பாதியில் நிறுத்தினாள்.

"பதிலா?"

"ஒண்ணுமில்ல."

சக்தி பட்டனைத் தட்டினாள். திரையில் சக்தி என்று மட்டும் வந்தது. முன்னால் வெறுமை. அவள் கை மேசையிலிருந்து கீழே இறங்கியது. அந்த நிமிடம் எழுந்து போய்விடுவாளோ என்று மனிஷா பயந்துவிட்டாள்.

"இரு, போகாத. பழைய பெயர் என்னாச்சுன்னு கேளு."

"அதான் போயிடுச்சே."

"போகல. நேத்து நான் பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன். நீ கேளு."

பழைய பெயரைக் காட்டச் சொல்லி சக்தி ஒரு வரி அடித்தாள். அடுத்த வரியில் வந்து நின்றது: எம்.சக்தி.

சக்தி திரையை உற்றுப் பார்த்தாள். மறுபடி எடுத்தாள். எழுத்து போயிற்று. மறுபடி கேட்டாள். வந்தது. இன்னொரு தடவை எடுத்தாள். இன்னொரு தடவை கேட்டாள்.

"எத்தனை தடவை எடுத்தாலும் இருக்கு" என்றாள்.

"எடுக்கிறப்போ அது இன்னொரு பெயரைப் புதுசா செய்யுது. அதுலதான் எம் இருக்காது. நீ அடிச்ச பெயரை அது தொடவே தொடாது."

சக்தியின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அவள் துடைக்கவில்லை. இன்னும் ஒரு முறை பழைய பெயரைக் கேட்டாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, மத்தவங்க பெயர் எல்லாம் எங்க?" என்றாள்.

மனிஷா பெயர்களைத் திறந்தாள். புள்ளியை எடுத்தால் வருகிற எஸ்கவின்ராஜைக் காட்டினாள், கேஸ்வேதாவைக் காட்டினாள்.

"பாரு, எல்லாம் ஒட்டிக்குது. புள்ளியும் வரக் கூடாது. என்ன பண்றதுன்னு இன்னும் எனக்குத் தெரியல."

சக்தி கொஞ்சம் யோசித்தாள். "ஏன் ஒட்டற? நடுவுல சந்து விடு."

"சந்தா?"

"அப்பா டைல்ஸ் ஒட்டறப்போ ஒண்ணோட ஒண்ணை இடிச்சு வைக்க மாட்டாரு. நடுவுல சின்னதா சந்து விடுவாரு. அதுக்குன்னு குட்டியா பிளாஸ்டிக் துண்டு இருக்கும். நான்தான் எடுத்துக் குடுப்பேன். சந்து விடாம ஒட்டினா வெயில் காலத்துல டைல்ஸ் தூக்கிக்கும்னு சொல்வாரு."

சொர்ணலதா அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

மனிஷா திரையைப் பார்த்தாள். புள்ளிக்குப் பதில், அந்த இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவில், அவள் ஒன்றுமே வைக்காமல் விட்டிருந்தாள். இப்போது அங்கே கர்சரை வைத்து, நீளமான பட்டனை ஒரே ஒரு முறை தட்டினாள். ஓர் இடைவெளி. அவ்வளவுதான்.

எஸ் கவின்ராஜ். கே ஸ்வேதா. எம் மனிஷா.

"அட மக்கு!" என்று மனிஷா தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்" என்றாள் சக்தி. அவள் உதடு லேசாக வளைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

கடைசியாக ஏழாம் வகுப்பு வந்தது. சக்தியின் பெயருக்கு வந்ததும் மனிஷா கையை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அந்த ஒரு பெயரை சக்தியே அடித்தாள். மிஸ் ஃபைலைக் கடைக்கு அனுப்பிவிட்டு, "கெம்பையனுக்குப் போய்ச் சேர்ந்தாச்சு" என்றபோது பன்னிரண்டு அடிக்க இன்னும் சில நிமிடங்கள் இருந்தன.

கிளம்பும்போது மனிஷா அத்தையிடம் மெல்லக் கேட்டாள். "ஊருக்குப் போறீங்களா அத்தை?"

"பரீட்சை முடியட்டும் கண்ணு. அப்புறம் பார்க்கலாம்" என்றார் அத்தை. போகமாட்டேன் என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் கார்டுகள் வந்தன. அன்றும் மழைதான். கவின்ராஜ் தன் போட்டோவைப் பார்த்து, "இது நான் இல்ல, எங்க சித்தப்பா" என்று அலறிக்கொண்டிருந்தான். சக்தி பெஞ்சில் உட்கார்ந்து, தன் கார்டை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள்.

எம் சக்தி.

நடுவில் சின்னதாக ஒரு சந்து.

"புள்ளி வராதாம். மிஷின் நின்னுடுமாம்" என்றாள் மனிஷா, மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"பரவாயில்ல" என்றாள் சக்தி. பென்சில் டப்பாவைத் திறந்து, கறுப்பு மார்க்கரை எடுத்தாள். மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினாள். கார்டை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எம்முக்குப் பக்கத்தில், அந்தச் சந்துக்குள், அப்பாவின் புள்ளியைத் தானே வைத்தாள்.